பழைய வண்டியின் பின் ஷாக்: பிரித்துச் சரி செய்வதா, புதிதாகப் போடுவதா?

கேள்வி:
பின்னால் ஒரே ஷாக் அப்சார்பர் உள்ள மோனோஷாக் பைக், 20 வயது தாண்டிவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடிய பிறகுதான் அடங்குகிறது. ஷாக்கின் உள்ளே போய் வரும் ராடைச் சுற்றி ஆயில் கசிந்து, தூசி படிந்து கறுப்பாக இருக்கிறது. பிரிலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) ஏற்றினேன். சீட்தான் உயர்ந்தது, ஆட்டம் அப்படியே. வண்டியோடு வந்த ஷாக்கைத் தூக்கிப்போட மனசில்லை. சீலை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1:
பிரிலோடால் இது தீராது. ஸ்பிரிங் எடையைத்தான் தாங்கும். ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில், அது குறைந்திருக்கிறது.

முதலில் ராடைத் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். வழவழவென்று போனால் சீல், புஷ், ஆயில் மாற்றி இன்னும் பல வருடம் ஓட்டலாம். துருக்குழியில் நகம் தட்டினால் புது சீலையும் அது சீக்கிரமே அறுத்துவிடும். ராடுக்கு ஹார்டு குரோம் (கெட்டியான குரோம் பூச்சு) போட வேண்டும், இல்லையேல் ராடையே மாற்ற வேண்டும். பிரிக்க வழியில்லாமல் மூடிய ஷாக் என்றால் புதிதுதான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கலாம். ஸ்பிரிங்கும் இறுகி உட்கார்ந்திருக்கும், அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் கழற்றினால் கை போய்விடும்.

பதில் 2:
புதிது வாங்கினால் கண்ணுக்குக் கண் நீளம் (மேல், கீழ் போல்ட் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்) பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் வால் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் பிடிப்பே மாறிவிடும். இரட்டை ஷாக் வண்டிக்காரர்கள் ஜோடியாகவே மாற்றுங்கள்.

கேட்டவர்:
நகத்தில் எதுவும் தட்டவில்லை! ஷாக்கைப் பிரிக்காமல் முழுதாக வண்டியிலிருந்து கழற்றிவிட்டேன், சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறேன். வேறு ஏதாவது பார்க்கணுமா?

பதில் 1:
நல்ல செய்தி. ஷாக் இல்லாத இந்த நேரத்தில் ஸ்விங் ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) கையால் தூக்கி இறக்குங்கள். எங்காவது பிடித்தால், பக்கவாட்டில் ஆடினால், அதன் பேரிங் போயிருக்கிறது. ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் லிங்கேஜ் இருந்தால் அதன் நீடில் பேரிங்கையும் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் புகுந்து கிரீஸ் காய்ந்து பழுப்புப் பொடியாகியிருக்கும். அதை அப்படியே விட்டால் சரி செய்த ஷாக்கும் கட்டைபோலத்தான் இருக்கும்.

மாட்டிய பிறகு சேக் (எடை ஏறும்போது பின்பக்கம் இறங்கும் அளவு) அளந்து பிரிலோடு வையுங்கள். நீங்கள் உட்காரும்போது பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினால் சரி. அப்புறம், டயரில் ஆயில் பட்டிருந்தால் நன்றாகத் துடைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.