கருமாதி வைக்காத வீட்டுக்கு யார் வந்தார்கள்?

லால்குடிக்காரன்:

"சாமி கும்பிடாதவனுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எவன்டா வந்து நிப்பான்?" என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குப் பதில் கிடைத்தது அப்பா இறந்த ராத்திரிதான்.

அப்பாவும் அம்மாவும் 1964இல் தாலியில்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள். அப்போது அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. அண்ணா ஆட்சியில் 1967இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தபோது, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். அதற்குள் அக்கா பிறந்துவிட்டாள். அந்த மூன்று நாலு வருஷம் தெருவில் கேட்ட பேச்சை அம்மா இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை.

நான் வேலைக்கு பெங்களூர் போனவன். கடவுள் இல்லை என்று விடிய விடியப் பேச அங்கே ஆள் உண்டு. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவர ஆள் இல்லை. பக்கத்து அறைப் பையன்களுக்கு பஜனைக் குழு இருந்தது, சர்ச் இருந்தது. பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

2016இல் போன் வந்தது. நான் ஊர் வந்து சேர விடிந்துவிட்டது. அதற்குமுன் நடந்ததை அக்காதான் சொன்னாள். அப்பாவோடு மாநாட்டுக்கெல்லாம் போன கருஞ்சட்டைக்காரர்கள் இரண்டு பேர் டிவிஎஸ் 50இல் வந்திருக்கிறார்கள். ஒருவர் நுழைந்ததுமே ஃபேனை நிறுத்தினார். இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்தார். கருவிழி காயக் கூடாதாம். "ஆறு மணி நேரம் இருக்கு பாப்பா, பதறாத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு கண் வங்கிக்குப் போன் போட்டார். வண்டி வழி தவறிவிடக் கூடாதென்று டார்ச் லைட்டோடு ரோட்டு முனையில் போய் நின்றிருக்கிறார்.

நான் உள்ளே போனபோது அவர் வீட்டம்மா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். பூவையும் வளையலையும் எடுக்க வந்த கிழவிகளிடம், "அண்ணன் வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்று ஒரே பேச்சு. பிடித்த கையை ராத்திரி முழுக்க விடவில்லையாம். பச்சைக் கண்ணாடி வளையல், கைக்கு ஆறு. எதிர்வீட்டு அக்கா வருஷா வருஷம் சமயபுரத்துக்குப் பால்குடம் எடுப்பவர். அவர்தான் குண்டான் நிறையக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அவரையும் என் ஆட்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். பதினாறாம் நாள் படத்திறப்பு. கொள்ளி வைக்காத வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றிருந்த பெரியப்பா, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுத்தான் போனார்.

திண்டுக்கல் மருமகள்:

அண்ணே, படிச்சதும் அழுகை வந்திருச்சு. எங்கள் பக்கம் இயக்கப் பரம்பரையெல்லாம் கிடையாது, நான் ஒருத்திதான். 2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். எனக்கு ஆறாம் மாசம். மாமியார் ஜன்னலையெல்லாம் சாத்தினார். பாவம், அவருக்குப் பேரப்பிள்ளையை நினைத்துப் பயம். நான் வீட்டுக்காரரோடு பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டேன். ஒரு ரிட்டயர்ட் டீச்சர் சூரியன் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். ஒன்பதரை வாக்கில் வளையம் தெரிந்தபோது கையில் இட்லித் தட்டையும் வைத்து, "சாப்பிட்டுக்கிட்டே பாரும்மா" என்றார். அத்தனை பேர் நடுவில் வயிற்றுப் பிள்ளையோடு நின்று சாப்பிட்டேன்.

2020 ஊரடங்கில் பிரசவம். அம்மாவால் ஊரிலிருந்து வர முடியவில்லை. பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் அந்த டீச்சர் வீட்டிலிருந்துதான் வந்தது. மகள் அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுகிறாள்.

கோவைப் பையன்:

எனக்கு இப்படி யாருமே இல்லை. எங்கே போய்த் தேடுவது?

லால்குடிக்காரன்:

தம்பி, ரத்த தான முகாமோ வாசகர் வட்டமோ, எங்கேயும் நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டியிருக்கும். கூட்டம் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடி போய் நில்லு. நான் பெங்களூரில் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தவன், அதனால் சொல்கிறேன். அடுத்த மாசம் ஊரில் இருப்பேன். லால்குடிக்கு வா, அம்மா சோறு போடுவாங்க.