துளை மூடிய பின் நிகழ்வது: 'பார்வை மீட்சி'யா, 'பார்வைத் தேறுகை'யா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

விழித்திரையின் நடுவே கூர்ந்த பார்வைக்குரிய 'மாகுலா' என்ற பகுதியில் விழும் துளைக்கான (மாகுலாத் துளை) அறுவைக்குப் பின் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு ஈராண்டு கடந்தும், மெல்ல நிகழும் பார்வை முன்னேற்றத்துக்குப் 'பார்வை மீட்சி' என்ற சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் அழகானதுதான்; ஆயினும் இவ்விடத்துக்கு அது பொருந்தாது என்று கருதுகிறேன். பறிபோன நிலத்தை மீட்கிறோம், சிறைப்பட்டவரை மீட்கிறோம். இழந்தது இழந்தபடியே திரும்பி வருவதை அச்சொல் உறுதி கூறிவிடுகிறது. இந்த நோயில் அப்படிப்பட்ட உறுதியை எவரும் தர இயலாது.

கண் மருத்துவர்களான கெல்லி, வெண்டெல் ஆகிய இருவரின் கட்டுரை 1991இல் வெளிவரும்வரை இத்துளைக்கு அறுவை இல்லை என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். இன்றோ, கண்ணை நிரப்பியிருக்கும் கூழ்போன்ற பொருளை அகற்றி, விழித்திரையின் உட்புற மெல்லிய சவ்வை உரித்து, வாயுவை நிரப்பினால், பத்தில் ஒன்பது துளைகளுக்கு மேல் மூடிவிடுகின்றன. இந்த முதல் வெற்றிக்குத் 'துளை மூடல்' என்ற எளிய பெயரே போதும். அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. துளை மூடிவிட்டது என்று ஓசிடி படம் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் காட்டும் குறுக்குவெட்டுப் படம்) காட்டும் நாளில்கூட நோயாளியால் எழுத்துகளைப் படிக்க முடியாமல் இருக்கலாம். ஒளியுணர் செல்களின் அடுக்கு அதற்குப் பின்னரே மெல்ல ஒழுங்குபடுகிறது: அந்தப் படத்தில் முதலில் வெளி எல்லைச் சவ்வின் கோடு இணைகிறது, அதன் பிறகே செல்களின் உட்பகுதியைக் காட்டும் நீள்வட்ட மண்டலக் கோடு தொடர்ச்சி பெறுகிறது. பார்வையில் பெரும்பங்கு முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வந்துவிட்டாலும், அந்தக் கோடு சீராகும் அளவுக்கேற்ப எஞ்சியது பின்னரும் தொடர்கிறது. எவ்வளவு தொடரும் என்பது துளையின் அகலத்தையும், அது எவ்வளவு காலம் மூடாமல் கிடந்தது என்பதையும், அறுவைக்கு முன்பிருந்த பார்வையையும் பொறுத்தது. 400 மைக்ரானுக்கு மேற்பட்ட துளை மூடிய பின்னும் பார்வை குறைவாகவே நின்றுவிடக்கூடும்.

இந்த மெதுவான, அளவு சொல்ல முடியாத முன்னேற்றத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பற்றி 'உடம்பு தேறிவருகிறது' என்கிறோம். முழுநலம் வந்துவிட்டது என்றோ வந்தே தீரும் என்றோ அதற்குப் பொருளில்லை. திசை மட்டும் தெளிவாகிறது. எனவே 'பார்வைத் தேறுகை' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'தேற்றம்' கணிதத்துக்குச் சென்றுவிட்டது. 'தேறல்' பழந்தமிழில் தெளிந்த கள்ளைக் குறிப்பது. ஆகவே 'வருகை', 'செய்கை' போல 'தேறுகை' என்பதே தடையற்றதாகப் படுகிறது. 'பார்வைக் குறைவு' என்பதில் வல்லெழுத்து மிகுவதுபோல இங்கும் மிகட்டும். மருத்துவர் நோயாளியிடம் பேசும்போது 'கண் தேறிவருகிறது', 'இன்னும் தேறக்கூடும்' என்று அதே வேரிலிருந்து சொல்ல முடிவது இதன் பெரிய நன்மை. எழுத்தில் ஒன்றும் பேச்சில் வேறொன்றுமாக இருக்கும் கலைச்சொல் நோயாளிக்கு உதவாது.

வரையறையில் ஒரு கவனம் தேவை. இயற்கை வில்லை உள்ள கண்ணில், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, இந்த அறுவைக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் கண்புரை முற்றுகிறது. தேறிவந்த பார்வை அதனால் மங்கி, புரையை நீக்கியதும் மீண்டும் உயர்கிறது. இந்த உயர்வு வில்லையால் வந்தது. விழித்திரை தேறியதால் வந்ததன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், நீண்டகாலப் பலனைப் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையும் குழப்பமாகிவிடும். ஆகவே 'துளை மூடிய பின் விழித்திரையின் சீரமைவால் படிப்படியாக ஏற்படும் பார்வை முன்னேற்றம்' என்று தேறுகையை வரையறுக்கலாம்.

தேறுகைக் காலத்தை எந்நாளிலிருந்து கணக்கிடுவது என்பதைக் கண் மருத்துவ நண்பர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். வாயு கரையும்வரை, அதன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டு முதல் எட்டு வாரங்கள், பார்வையை அளப்பதில் பொருளில்லை என்பதால், வாயு முழுவதும் கரைந்த நாளையே தொடக்கமாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம். இதே நோயில் நேர்கோடு வளைந்து தெரியும் குறைக்கு முன்மொழியப்பட்ட 'உருத்திரிபு' என்ற சொல்லை ஏற்பதில் எனக்குத் தடையில்லை.