எவர்ட்டன் கடைசி நாள்ல தப்பிக்குமா? டிரா போதுமா?

கார்னர்கொடி | 2023 மே 25

ஞாயிறு (28) ராத்திரி நம்ம நேரம் 9 மணிக்கு பிரீமியர் லீக் கடைசி ரவுண்ட், பத்து மேட்ச்சும் ஒரே நேரத்துல ஆரம்பம். கடைசி மூணு இடத்துல முடிக்கிற கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கணும். அதுல சவுத்தாம்ப்டன் கதை எப்பவோ முடிஞ்சது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆர்சனலை 1-0ன்னு அடிச்சு கரையேறிட்டாங்க. கீழ போக இன்னும் ரெண்டு இடம் இருக்கு, அதுக்கு மூணு கிளப். 37 மேட்ச் முடிஞ்ச நிலவரம்:

17. எவர்ட்டன்: 33 பாயின்ட், கோல் வித்தியாசம் (அடிச்சதுல வாங்கினதைக் கழிச்சா) -24, அடிச்ச கோல் 33
18. லெஸ்டர் சிட்டி: 31 பாயின்ட், -18, 49
19. லீட்ஸ் யுனைடெட்: 31 பாயின்ட், -27, 47

எவர்ட்டனுக்கு குடிசன் பார்க்ல போர்ன்மத். லெஸ்டருக்கு வெஸ்ட் ஹாம், லீட்ஸுக்கு டாட்டன்ஹாம். மூணு பேருக்குமே ஹோம் மேட்ச். எவர்ட்டன் ஜெயிச்சா பேச்சே இல்ல. டிரா ஆனா என்ன ஆகும்? ஸ்ட்ரைக்கர் கால்வர்ட்-லூவின் வுல்வ்ஸ் மேட்ச்ல காயத்தோட வெளிய போயிட்டாரு, கோல் யார் அடிக்கப் போறா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மூணாம்_டைபிரேக்

டிராவை எல்லாரும் "பாதி வெற்றி" மாதிரி பேசுறாங்க. கணக்குல அது அப்படி இல்ல.

விதிப்படி முதல்ல பாயின்ட், அடுத்து கோல் வித்தியாசம், அடுத்து அடிச்ச கோல். நேருக்கு நேர் ரிசல்ட் எல்லாம் அதுக்கும் அப்புறம்தான்.

லெஸ்டர் ஜெயிச்சா 34 பாயின்ட், கோல் வித்தியாசம் குறைஞ்சது -17. எவர்ட்டன் டிரா பண்ணா அவங்களும் 34, ஆனா -24லயே நிப்பாங்க. எவர்ட்டன் இறங்கும். தோத்தா 33, அப்பவும் இறங்கும். ஆக லெஸ்டர் ஜெயிக்கிற பட்சத்துல எவர்ட்டன் டிரா பண்றதும் 5-0ன்னு தோக்கிறதும் ஒண்ணுதான்.

அப்ப டிராவால என்ன பிரயோஜனம்? லீட்ஸை மட்டும் தடுக்கும். லெஸ்டர் ஜெயிக்கல, லீட்ஸ் ஜெயிக்குதுன்னு வைங்க. எவர்ட்டன் தோத்திருந்தா 33க்கு 34ன்னு லீட்ஸ் மேல போயிடும். டிரா பண்ணியிருந்தா லீட்ஸ் 3 கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாத்தான் தாண்ட முடியும். 3 கோல்னா ரெண்டு பேருக்குமே -24, அடிச்ச கோல் கணக்குல லீட்ஸ் ரொம்ப முன்னாடி.

லெஸ்டரும் லீட்ஸும் ரெண்டு பேருமே ஜெயிக்கலைன்னா எவர்ட்டன் தோத்தாலும் பத்திரம். லெஸ்டர் டிரா பண்ணா 32தான் வரும்.

கோல் வித்தியாசம் எவர்ட்டனுக்குப் புதுசு இல்ல. 1998ல கடைசி நாள்ல கவென்ட்ரியோட 1-1 டிரா பண்ணி, போல்டனோட சமமா 40 பாயின்ட்ல முடிச்சு, அந்த வித்தியாசத்துலதான் தப்பிச்சாங்க. இந்தத் தடவை அதே கணக்கு அவங்களுக்கு எதிரா நிக்குது. ஏப்ரல்ல நியூகாசில்கிட்ட 1-4 வாங்கினப்ப "தோல்வி தோல்விதானே"ன்னு விட்டவங்க இப்ப டேபிளை இன்னொரு தடவை பார்க்கலாம்.

---

செட்பீஸ்_செல்வம்

ஆட்டத்தைப் பத்தி நான் சொல்றேன்.

கோச் ஷான் டைச் வந்தப்ப எவர்ட்டன் 20 மேட்ச்ல 15 பாயின்ட். அவர் வந்த பிறகு 17 மேட்ச்ல 18. பிரமாதம்னு சொல்ல முடியாது, ஆனா இதே வேகம் 38 மேட்ச்சுக்கு இருந்திருந்தா 40 வந்திருக்கும். பிரச்சனை கோல். இந்த சீசன்ல அவங்க ஹோம்ல ஜெயிச்சது அஞ்சே மேட்ச்: வெஸ்ட் ஹாம், கிரிஸ்டல் பேலஸ், ஆர்சனல், லீட்ஸ், பிரென்ட்ஃபோர்ட். பேலஸை 3-0, மத்த நாலும் 1-0. ஞாயித்துக்கிழமையும் 1-0 தவிர வேற ஸ்கோர்ல அவங்க ஜெயிப்பாங்கன்னு எனக்குத் தோணல.

கால்வர்ட்-லூவின் ஆடுவாருன்னு நம்பி பிளான் போடக் கூடாது. மோப்பே இந்த சீசன் லீக்ல அடிச்சது ஒரே கோல். எல்லிஸ் சிம்ஸும் ஒண்ணு, செல்சிக்கு எதிரா. அதனால டெமராய் கிரேயை முன்னாடி விட்டு, டூகூரேயை அவர் பின்னாடி ஓட விடுறதுதான் வழி. டூகூரே பந்து பிடிச்சு விளையாடுற ஆள் இல்ல. பாக்ஸுக்கு லேட்டா வந்து சேர்றதுதான் அவர் வேலை. பிரைட்டன்ல 5-1 ஜெயிச்சப்ப முதல் ரெண்டு கோலும் அப்படித்தான்: எதிரணி ஆள் போட்டு முன்னேறி வர, எவர்ட்டன் காலி இடத்துல ஓடினாங்க.

இங்கதான் சிக்கலே. போர்ன்மத் 39 பாயின்ட்டோட பத்திரமா இருக்கு. அவங்க முன்னேறி வரணும்னு அவசியம் இல்ல, பின்னாடி உக்காந்தா காலி இடம் கிடைக்காது. அப்போ மிச்சம் இருக்கிறது கார்னர், ஃப்ரீகிக் மாதிரி செட்பீஸ்தான். மீனா, டார்கோவ்ஸ்கி ரெண்டு தலை, மெக்நீலோட இடது கால். ஆர்சனலை வீழ்த்தின கோலே மெக்நீல் கார்னர், டார்கோவ்ஸ்கி தலை. வுல்வ்ஸ்ல 99வது நிமிஷம் சமன் பண்ணினதும் மீனாதான்.

ஃபுல்பேக் (ஓரத்து டிஃபெண்டர்) நிலைமை இன்னும் மோசம். கோல்மேன், பேட்டர்சன், மைகோலென்கோ மூணு பேருக்கும் காயம். நான் டைச் இடத்துல இருந்தா மூணு சென்டர்பேக் (நடு டிஃபெண்டர்) போட்டு, ஜேம்ஸ் கார்னரை ஓரத்துல ஏறி இறங்குற வலது விங்பேக்காவும் மெக்நீலை இடது விங்பேக்காவும் விடுவேன். இதுல ரிஸ்க் என்னன்னா மெக்நீல் கோல்ல இருந்து தூரமா போயிடுவாரு. ஆனா டிஃபென்ஸ் தெரியாத ஆளை நாலு பேர் லைன்ல ஓரமா நிறுத்துறதை விட இது மேல்.

பயப்பட ஒரு காரணமும் இருக்கு. போன நவம்பர்ல இதே போர்ன்மத் ஒரே வாரத்துல லீக் கப்ல 4-1, லீக்ல 3-0ன்னு எவர்ட்டனை அடிச்சாங்க. ஆனா இப்ப அவங்க செல்சி, பேலஸ், மான்செஸ்டர் யுனைடெட்னு வரிசையா மூணு தோல்வியோட வர்றாங்க.

---

கார்னர்கொடி

அருமை ரெண்டு பேருக்கும். அப்ப லெஸ்டர் மேட்ச்தான் முக்கியம்னு புரியுது. வெஸ்ட் ஹாமுக்கு ஜூன் 7 பிராக்ல கான்ஃபரன்ஸ் லீக்ங்கிற ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் இருக்கே, ஃபியோரென்டினாவோட. சும்மா பேருக்கு ஆடிட்டுப் போயிடுவாங்களோ?

---

யாழ்_விங்கர்

அப்பிடிச் சொல்லேலாது. அரையிறுதி முடிஞ்சு மூண்டு நாளிலயே வெஸ்ட் ஹாம் லீட்ஸை 3-1 எண்டு வெண்டது, அதில டெக்லன் ரைஸும் கோல் அடிச்சவர். ஞாயிறு ஆட்டத்துக்குப் பிறகும் ஃபைனலுக்குப் பத்து நாள் இருக்குது, கோச் மொய்ஸ் ஆக்களை முழுக்க ஓய்வில விடமாட்டார். ஆனால் காலை வைக்க வேண்டிய இடத்தில ஒருத்தனும் காயத்துக்குப் பயப்படாமல் வைப்பானோ எண்டது வேற கதை.

லெஸ்டரின்ர குறை எதிரணியில இல்லை, அவையிட்டத்தான் இருக்குது. ஹார்வி பார்ன்ஸ் 12 கோல், மேடிசன் 10 கோல். இப்பிடி ரெண்டு பேர் எவர்ட்டனிலயோ லீட்ஸிலயோ சேர்ந்தாப்போல இல்லை. அப்பிடி இருந்தும் 67 கோல் வாங்கியிருக்கினம். கோச் டீன் ஸ்மித் வந்தாப்பிறகு ஏழு ஆட்டத்தில ஒரேயொரு வெற்றி, அது வுல்வ்ஸுக்கு எதிரா. திங்கட்கிழமை நியூகாசிலில அஞ்சு பேரைப் பின்னுக்கு நிப்பாட்டி, மேடிசனையும் பார்ன்ஸையும் பெஞ்சில இருத்தி 0-0 எடுத்தவை. அந்த ஒரு புள்ளியாலதான் எவர்ட்டன் டிரா எடுத்தாலும் லெஸ்டருக்கு வாய்ப்பு இருக்குது, உண்மை. ஆனால் வெல்ல வேண்டிய ஆட்டத்துக்கு அந்த அமைப்பு உதவாது. ரெண்டு பேரும் முதல் நிமிசத்திலயிருந்து விளையாடவேணும்.

உண்மையில இவை விழுந்தது மே 1 அண்டைக்கு. எவர்ட்டனோட 2-1 முன்னுக்கு நிக்க, இடைவேளைக்குச் சற்று முன்னம் பெனால்டி. மேடிசன் நடுவில அடிக்க, எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் அசையாமல் நிண்டு பிடிச்சார். அவர்ட தண்ணிப் போத்தலில ஆர் எந்தப் பக்கம் அடிப்பினம் எண்டு எழுதி ஒட்டியிருந்தது. ஆட்டம் 2-2. அதை லெஸ்டர் வெண்டிருந்தால் இண்டைக்கு அவைக்கு 33, எவர்ட்டனுக்கு 32. அடுத்த கிழமை ஃபுல்ஹாமில வார்டியும் ஒரு பெனால்டியை விட்டவர்.

லீட்ஸைப் பற்றிக் கன நேரம் கதைக்கத் தேவையில்லை. ஏப்ரல் ஒரு மாதத்தில மட்டும் 23 கோல் வாங்கினது, பிரீமியர் லீக்கில ஒரு மாதத்துக்கு அதுதான் ஆகக்கூட. கோச்சும் மாறிக்கொண்டே இருக்கினம்: மார்ஷ், கிராசியா, இப்ப அலர்டைஸ். அலர்டைஸுக்குக் கிடைச்ச மூண்டு ஆட்டத்தில ஒரு புள்ளி. டைலர் ஆடம்ஸ் காயப்பட்டதுக்குப் பிறகு நடுக்களத்தில பந்தை மறிக்க ஆளில்லை. அதோட டாட்டன்ஹாமுக்கும் தேவை இருக்குது: 57 புள்ளி, ஏழாம் இடத்தில இருக்கிற வில்லாவுக்கு 58. ஐரோப்பியப் போட்டிக்குப் போக வெல்லவேணும், ஹரி கேனும் விளையாடுவார்.

---

மூணாம்_டைபிரேக்

யாழ் விங்கர் சொன்னதை வச்சு ஒரு கணக்கு. சதவீதம் எல்லாம் என் ஊகம்தான், பிடிக்கலைன்னா மாத்திப் போட்டுப் பாருங்க.

எவர்ட்டன் வெற்றி 50, டிரா 27, தோல்வி 23. லெஸ்டர் ஜெயிக்க 45. லீட்ஸ் ஜெயிக்க 35, அதுல 3 கோல் அல்லது அதுக்கு மேல 5.

எவர்ட்டன் ஜெயிச்சா நேரா 50 வந்திடும். டிரா ஆனா, லெஸ்டர் ஜெயிக்கக் கூடாது (0.55), லீட்ஸ் 3 கோல்ல ஜெயிக்கக் கூடாது (0.95): 27ஐ ரெண்டாலயும் பெருக்கினா 14. தோத்தா, ரெண்டு பேருமே ஜெயிக்கக் கூடாது: 23 × 0.55 × 0.65 = 8. மொத்தம் எவர்ட்டன் தப்பிக்க 72. லெஸ்டருக்கு 23, லீட்ஸுக்கு 5.

லெஸ்டரோட 45ஐ 55 ஆக்கினா எவர்ட்டன் 68க்கு இறங்கும், அவ்வளவுதான். எவர்ட்டனோட வெற்றி வாய்ப்பை 50ல இருந்து 40க்குக் குறைச்சு, அந்தப் பத்தை டிராவுக்கும் தோல்விக்கும் ஆளுக்கு அஞ்சாப் பிரிச்சா 67தான். எவர்ட்டன் கைல இருக்கிறது அவங்களோட சொந்த மேட்ச்தான்.

"40 பாயின்ட் இருந்தாத்தான் பத்திரம்"னு யாராவது சொன்னா, 2005ல வெஸ்ட் பிராம் 34 பாயின்ட்ல தப்பிச்சதைச் சொல்லுங்க. அன்னிக்குக் காலைல அவங்கதான் டேபிள்ல கடைசி. வெஸ்ட் ஹாம் 2003ல 42 எடுத்தும் இறங்கினாங்க.

---

கார்னர்கொடி

கடைசியா ஒண்ணு. 70வது நிமிஷம், எவர்ட்டன் 0-0. டைச் என்ன பண்ணணும்?

---

செட்பீஸ்_செல்வம்

லெஸ்டர் ஸ்கோரைப் பார்க்கணும். அவங்க ஒரு கோல் முன்னாடி இருந்தா 0-0ஐக் காப்பாத்தி லாபமே இல்ல. ஒரு சென்டர்பேக்கை எடுத்துட்டு சிம்ஸை உள்ள விடு, ஒவ்வொரு ஃப்ரீகிக்குக்கும் மீனாவை மேல அனுப்பு.

லெஸ்டர் டிராவுல இருந்து லீட்ஸ் ஒண்ணு ரெண்டு கோல் முன்னாடி இருந்தா கதையே வேற. அப்ப எவர்ட்டனோட டிரா தங்கம், கவுன்டர் அட்டாக்ல (எதிரணி பந்தைப் பிடுங்கி வேகமா திரும்பி வர்றதுல) ஒரு கோல் வாங்கினா போச்சு. ஆள் குறைக்காம அப்படியே நில்லு.

லெஸ்டர், லீட்ஸ் ரெண்டுமே ஜெயிக்காம இருந்தா இன்னும் பொறுமையா ஆடலாம், ஆனா லெஸ்டர் 88வது நிமிஷம் அடிச்சா அதுக்கப்புறம் பதில் சொல்ல எவர்ட்டனுக்கு நேரம் இருக்காது. அதனால டைச் 60-65லயே ஒரு கோலுக்கு அழுத்தம் கொடுப்பாருன்னு நினைக்கிறேன், ஸ்கோர்போர்டு எதைக் காட்டினாலும். கோல் விழுந்துட்டா பிக்ஃபோர்ட் ஒவ்வொரு கோல்கிக்குக்கும் நிதானமா நடந்து போவாரு, ரெஃபரி ஸ்டாப்பேஜ் டைமைக் கூட்டிக்கிட்டே போவாரு. 9 மணிக்கு ஆரம்பிக்கிற மேட்ச் 11க்குள்ள முடியும்னு நினைச்சு எந்த வேலையும் வச்சுக்காதீங்க.