ஆலங்கட்டி உடைத்த நாட்டு ஓடு: மாற்று எங்கே கிடைக்கும்?

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்விக வீடு. சென்ற வாரக் கோடை மழையில் ஆலங்கட்டி கொட்டித் தீர்த்தது. வெயிலுக்குப் பேர்போன ஊரில் முற்றம் வெள்ளையாகக் கிடந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கூரைக்குக் கேடு. வளவின் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) தெற்குத் தாழ்வாரத்தில் கையால் வனைந்த நாட்டு ஓடுகள் விரிசல் விட்டிருக்கின்றன. பார்வைக்கு முழுதாகத்தான் தெரிகின்றன. தட்டினால் உடைந்த சட்டியின் ஓசை. அடியிலுள்ள பர்மா தேக்குச் சட்டத்தில் தண்ணீர் இறங்கிக் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது.

தார்ப்பாய் காற்றில் நிற்கவில்லை. சிமெண்டுப் பூச்சு வெயிலில் வெடித்தது. தட்டையான மங்களூர் ஓடு நாட்டு ஓட்டின் வளைவுக்குப் பொருந்தாது. கொத்தனார் தகரம் போடச் சொல்கிறார். தேக்குக்கு மேல் தகரமா? காரைக்குடி பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும்தான் கிடைக்கின்றன.

பழைய அளவில் நாட்டு ஓடு வனைந்து தருபவரோ, இடித்த வீட்டு ஓடு விற்பவரோ சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் யாராவது இருக்கிறார்களா?