குமனைப் பக்கம் நடந்து பார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். கதிர்காமப் பாதயாத்திரையில் மாமாவோடு உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கி, குமனை தாண்டி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து நடந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் அரோகரா சத்தத்துக்கு நடுவே ஒரு குருவியைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை, காலில் கொப்புளம்தான் மிச்சம்.

இப்போது மகளுக்குப் பறவைப் பைத்தியம். வயது 13. பறவைகள் கூடும் சதுப்பு ஏரியான குமனை வில்லுக்கு அவளை நடத்திக் கூட்டிப்போக ஆசை, ஆனால் குமனைத் தேசியப் பூங்காவுக்குள் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாதே, யாத்திரைக்குத்தானே காட்டுப்பாதையைத் திறக்கிறார்கள். சரி, வில்லை ஜீப்பிலேயே பார்ப்போம்.

அப்புறம் நடக்க எங்கே போவது? பாணமை ஊரிலிருந்து உகந்தை வரை கடற்கரையோரமாக நடந்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தப் பக்கமுள்ள குடும்பிகல பாறையில் பிள்ளைகள் ஏறலாமா? யானைதான் பெரிய பயம், பின்னேரம் எத்தனை மணிக்குள் திரும்பினால் நல்லது? அந்தப் பக்கம் தெரிந்த, பாணமை ஆட்கள் யாராவது கூட வருவார்களென்றால் இன்னும் நிம்மதி. மாரி மழைக்கு முதல் போக வேண்டும், போனவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு கொண்டுபோனீர்கள் என்பதையும்.