எக்செல்லில் வாயால் சொல்லி எண் போடலாமா?

ஹட்டன்வாசி:
தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்கை எக்செல்லில் ஏற்றுகிறேன். நிறுவை எழுதிய துண்டுச்சீட்டையும் பார்த்து, தட்டவும் செய்வதில் நேரம் போகிறது. விண்டோஸ் 11தான். வழி உண்டா?

பண்டாரவளை அண்ணன்:
உண்டு தம்பி. அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளில், பேச்சால் கணினியை இயக்கும் 'வாய்ஸ் அக்சஸ்' இருக்கிறது, அதை ஓடவிட்டு எண்ணைச் சொல்லி 'பிரஸ் என்டர்' என்றால் கீழ்க் கட்டத்துக்குப் போகும், 'பிரஸ் டேப்' என்றால் பக்கத்துக் கட்டம். தமிழில் கட்டளை எடுபடாது. மொழிக் கோப்பை இறக்கிவிட்டால் அப்புறம் இணையமே வேண்டாம், நம்ம பக்கத்து சிக்னலுக்கு அதுவே பெரிய விஷயம்.

தலவாக்கலை:
ஆட்களின் பெயர்களைத் தமிழில் ஏற்றப் போன்தான் சுகம். கூகுள் ஷீட்ஸில் கட்டத்தைத் தொட்டு, ஜிபோர்டு (கூகுள் விசைப்பலகை) மைக்கில் தமிழிலேயே சொல்லலாம்.

ஹட்டன்வாசி:
சரி, தேர்ட்டீனும் தேர்ட்டியும் குழம்பாதா?

பண்டாரவளை அண்ணன்:
குழம்பும். கடைசியில் சம் (SUM, கூட்டல்) போட்டு நிறுவைப் புத்தகத்து மொத்தத்தோடு ஒத்துப் பாருங்கள்.