கார்டு மாத்தியும் எஃப்பிஎஸ் ஏறல

*குழு: பெரியம்மா வீட்டுப் பசங்க*

விக்கி: பழைய கிராஃபிக்ஸ் கார்டு 1650-ஐ எடுத்துட்டு 4060 போட்டாச்சு. வேலரன்ட் கேம்ல எஃப்பிஎஸ் (வினாடிக்கு வர்ற ஃப்ரேம்) அதே 150. கார்டு டூப்ளிகேட்டா?

கார்த்தி அண்ணா: கார்டு மேல பழி போடாத. 1080பி, எல்லாமே லோ தானே?

விக்கி: ஆமாண்ணா

கார்த்தி அண்ணா: அப்ப கார்டுக்கு வேலையே இல்ல. யார் எங்க நிக்கிறான், குண்டு எங்க போகுதுன்னு கணக்குப் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் கார்டுக்கு அனுப்புறது சிபியூ, அதாவது ப்ராசஸர். அது வினாடிக்கு 150 அனுப்பினா 4090 போட்டாலும் 150 தான். ரெசல்யூஷன 720-க்கு இறக்கிப் பாரு. ஏறலன்னா அடைப்பு சிபியூ பக்கம். பிராக்டிஸ் ரேஞ்சுல பாக்காத, ஆளே இல்லாத இடம், நம்பர் அழகாத்தான் வரும். எல்லாரும் சுட்டுக்கிற டெத்மேட்ச்ல பாரு.

விக்கி: அதே 150. ஜிபியூ (கார்டு) 35% தான் ஓடுது

தீபா அக்கா: சிபியூ என்ன? டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. ஸ்பீடு, ஸ்லாட்ஸ் யூஸ்டு ரெண்டும் சொல்லு.

விக்கி: 5600ஜி. ஸ்பீடு 2400, ஸ்லாட் 4-ல 1. ஆனா ரேம் பாக்ஸ்ல 3200ன்னு இருக்கே!

தீபா அக்கா: பாக்ஸ்ல இருக்கிறது எக்ஸ்எம்பி ஸ்பீடு, ரேம் கம்பெனி உள்ள எழுதி வச்ச வேக செட்டிங். பயாஸ்ல (போர்டோட செட்டிங் பக்கம்) நீ ஆன் பண்ற வரைக்கும் அது ஓடாது. ஒத்த ரேம் குச்சின்னா சிங்கிள் சேனல், ரேமுக்கும் சிபியூக்கும் ஒரே பாதை, பாதி ரோட்ட மூடின மாதிரி. 5600ஜி-ல எல்3 கேஷும் (சிபியூக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 16 எம்பி தான், சாதா 5600-ல 32. கேஷ்ல இல்லாததுக்கெல்லாம் சிபியூ ரேமுக்குத்தான் ஓடணும். அதே மாடல் இன்னொண்ணு வாங்கு. சிபியூ பக்கத்துல இருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்ல போடு. 1, 2-ல போட்டா ரெண்டும் ஒரே சேனல்ல உக்காந்துக்கும்.

சித்தப்பா: எந்த ரோட்ட மூடியிருக்கான்? காலைல வண்டி எடுக்கணும்

கார்த்தி அண்ணா: 😂 எக்ஸ்எம்பி போட்டதும் ஸ்க்ரீன் கருப்பா இருந்தா பதறாத, ரெண்டு நிமிஷம் விடு. வரவே இல்லன்னா பிளக்கப் புடுங்கிட்டு, போர்டுல இருக்கிற வட்ட பேட்டரிய 5 நிமிஷம் கழட்டி வை. பழைய செட்டிங்குக்குப் போயிடும்.

விக்கி: அப்ப 240 வருமா?

தீபா அக்கா: வாக்கு குடுக்க மாட்டேன். சராசரியப் பாக்காத, 1% லோவப் பாரு, அதாவது ரொம்ப மெதுவான 1% ஃப்ரேமோட எஃப்பிஎஸ். சராசரி 200 காட்டும், ஸ்மோக் குண்டு விழுந்ததும் 70-க்கு இறங்கும். அந்த ஃப்ரேம் 14 மில்லிசெகண்ட் எடுக்குது. மறைவுல இருந்து எட்டிப் பாக்குறப்ப அங்கதான் செத்துடுவ. ரெண்டாவது குச்சி அந்த லோவத்தான் தூக்கும்.

விக்கி: சிபியூவே மாத்திட்டா? மதர்போர்டு பி450

கார்த்தி அண்ணா: 5700எக்ஸ்3டி போடலாம், எல்3 96 எம்பி. ஷூட்டருக்கு அந்தக் கேஷ் தான் காசு. ஆனா பழைய சிபியூ இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடு, இல்லன்னா பூட்டே ஆகாது. பாக்ஸ்ல கூலர் வராது. 5600ஜி-யோட வந்த குட்டிக் கூலர மாட்டினா சூடேறி சிபியூ வேகம் இறங்கிடும். முதல்ல ரேம்.

தீபா அக்கா: மானிட்டர் கேபிள் கார்டுல தானே? 5600ஜி-ல உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கு, போர்டுல குத்தினாலும் படம் வரும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸும் பாரு, மானிட்டர் வினாடிக்கு எத்தன தடவ படம் மாத்துதுன்னு.

விக்கி: கேபிள் கார்டுல தான். ஆனா ஹெர்ட்ஸ் 60 😭 மானிட்டர் 165

கார்த்தி அண்ணா: 150 எஃப்பிஎஸ் வந்தும் 60 தான்டா பாத்திருக்க. 165-க்கு மாத்து முதல்ல!

சித்தப்பா: ரோடு??

தீபா அக்கா: திறந்துதான் இருக்கு சித்தப்பா, தூங்குங்க